கிளார்க் தெரு வழியே: சிகாகோவின் இறப்புப் பதிவுகளைத் தேடி

அமெரிக்காவில் இறப்பைப் பதிவு செய்யும் பொறுப்பு கூட்டாட்சி அரசிடம் இல்லை, அது மாநிலங்களுடையது. மாநிலங்கள் அந்த வேலையைப் பெரும்பாலும் கவுண்டிகளின் வழியாகச் செய்கின்றன. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் ஊர் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு. இல்லினாய் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் பரந்திருக்கும் குக் கவுண்டி 1831-இல் உருவானது. 2020 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 52 லட்சத்துக்கும் மேல். நாட்டில் இது இரண்டாவது பெரிய கவுண்டி. அதன் தலைமையிடம் சிகாகோ. அயர்லாந்து, ஜெர்மனி, போலந்து, செக் நாடு, மெக்சிகோ, அமெரிக்காவின் தென் மாநிலங்கள் எனப் பல திசைகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் இந்த மண்ணில் உழைத்து, இங்கேயே இறந்தார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகளும் அதற்கடுத்த தலைமுறையினரும் அவர்களைப் பற்றிய எழுத்துச் சான்றைத் தேடி இன்றும் வருகிறார்கள்.

அந்தச் சான்று ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. சான்றிதழ் கவுண்டி அலுவலகத்தில், மரண விசாரணைக் குறிப்பு ஒரு பல்கலைக்கழகத்தில், பத்திரிகையில் வந்த இரங்கல் செய்தி நூலகத்தில், அடக்க விவரம் கல்லறைத் தோட்டத்தின் அலுவலகத்தில், மாநில அட்டவணை தலைநகரில் எனச் சிதறிக் கிடக்கிறது. ஆகவே தேடல் பயணமாகவே அமைகிறது. நகருக்குள் அந்தப் பயணத்தின் பெரும்பகுதி கிளார்க் தெரு என்ற ஒரே சாலையை ஒட்டியே போகிறது. 22-ஆம் எண் பேருந்து அந்தத் தெருவின் வடபகுதி நெடுகிலும் ஓடுகிறது.

தூண்கள் நிற்கும் கட்டடம்

நகர மையத்தில் ஒரு முழுத் தெருச் சதுக்கத்தை அடைத்து நிற்கிறது ஒரு சாம்பல் நிறக் கட்டடம். மேற்குப் பாதி நகர மன்றம். கிளார்க் தெருவைப் பார்த்த கிழக்குப் பாதி கவுண்டி அலுவலகம். ஹோலபேர்டு அண்டு ரோஷ் என்ற கட்டடக் கலை நிறுவனம் வடிவமைத்த இந்த இரட்டைக் கட்டடம் 1911-இல் முழுமை பெற்றது. முகப்பில் பல மாடி உயரத்துக்கு எழும் கொரிந்தியத் தூண்களின் அடியில் நடந்து போகிறவர் சிறு உருவமாகிவிடுகிறார். கவுண்டி எழுத்தர் என்பவர் இங்கே மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் அதிகாரி. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்று பதிவுகளும் அவர் பொறுப்பில் இருக்கின்றன. நகர மையத்தில் உள்ள சேவைச் சாளரம் தவிர, ஸ்கோக்கி, மேவுட், மார்க்கம் போன்ற புறநகர் நீதிமன்ற வளாகங்களிலும் கிளைகள் உண்டு.

விண்ணப்பதாரர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: இறந்தவர் எங்கே வாழ்ந்தார் என்பது இங்கே கணக்கில்லை, எங்கே இறந்தார் என்பதே கணக்கு. நேப்பர்வில் நகரம் டூபேஜ், வில் ஆகிய இரு கவுண்டிகளில் பரவிக் கிடக்கிறது. பக்கத்து ஊரான அரோரா நான்கு கவுண்டிகளைத் தொட்டு நிற்கிறது. இவ்விரு ஊர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கே குடியிருந்தவர் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் உயிர் நீத்தால், அவருடைய பதிவு குக் கவுண்டியைச் சேர்ந்தது. வசித்த கவுண்டியில் போய்க் கேட்பவர்கள் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான்.

அடுத்தது, இறந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்ற கேள்வி. இல்லினாய் சட்டப்படி, 20 ஆண்டுகள் கடந்த இறப்புப் பதிவை வம்சாவளி ஆய்வுக்காக எவரும் பெறலாம். திருமணப் பதிவுக்கு 50 ஆண்டுகள், பிறப்புப் பதிவுக்கு 75 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். 20 ஆண்டுகளுக்கு உட்பட்ட இறப்பானால், உறவு முறையாலோ சொத்துரிமையாலோ தொடர்புள்ளவருக்கு மட்டுமே சான்றிட்ட படி தரப்படும். விண்ணப்பதாரர் புகைப்பட அடையாள அட்டையையும் தம் தொடர்பைக் காட்டும் ஆவணத்தையும் கொண்டுவர வேண்டும். இறந்தவரின் முழுப்பெயர், இறந்த நாள் அல்லது ஆண்டு, இறந்த இடம் ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்ப வேண்டும். அண்மைய ஆண்டுகளில் முதல் படிக்கு 17 டாலரும், அதே சான்றிதழின் ஒவ்வொரு கூடுதல் படிக்கும் 6 டாலரும் கட்டணமாக இருந்து வந்தன. வங்கி, காப்பீடு, ஓய்வூதியம், வீட்டுப் பத்திரம் என ஒவ்வொன்றும் தனித்தனியே அசல் படி கேட்கும் என்பதால், துயரத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு முதலிலேயே பல படிகளாக வாங்கிவைப்பதுதான் அலைச்சலைக் குறைக்கும் வழி.

இந்தக் கட்டடத்தின் பதிவுகளுக்கு ஒரு தொடக்க எல்லை உண்டு. 1871 அக்டோபர் 8 முதல் 10 வரை சிகாகோவை எரித்த பெருந்தீ ஏறத்தாழ 300 உயிர்களைக் கொண்டுபோனது. இதே சதுக்கத்தில் அப்போதிருந்த நீதிமன்றக் கட்டடமும் அதிலிருந்த ஏடுகளும் சாம்பலாயின. அதற்கு முன் இறந்தவரைப் பற்றி இங்கே கேட்டுப் பயனில்லை. 1877-இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம், மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் மரண விசாரணை அதிகாரிகளும் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் கவுண்டி எழுத்தருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. சட்டம் வந்தும் பலர் தெரிவிக்கவில்லை. 1916 ஜனவரி 1 முதல் மாநிலமே பதிவை நேரடியாகக் கண்காணிக்கத் தொடங்கிய பிறகுதான் விடுபடல்கள் குறைந்தன. 1918-இல் இல்லினாய், பதிவு போதிய அளவு முழுமையான மாநிலங்களைக் கொண்ட நாட்டின் இறப்புப் பதிவு வட்டத்துக்குள் சேர்க்கப்பட்டது. எனவே 1916-க்கு முந்தைய இறப்புக்குக் கவுண்டியை மட்டுமே நம்ப வேண்டும். அதற்குப் பிந்தையதைக் கவுண்டியிலும் மாநிலத்திலும் கேட்கலாம்.

ஒரே தாளில் இரண்டு கைகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து இறப்புச் சான்றிதழ் ஒன்றை மேசைமேல் விரித்துப் பார்த்தால், நடுவில் ஓடும் கோடு தாளை இரண்டாகப் பிரிப்பது தெரியும். இடப்பக்கம் ஆளைப் பற்றியது: பெயர், பால், நிறம், பிறந்த நாள், பிறந்த ஊர், தொழில், தகப்பனாரின் பெயரும் பிறந்த நாடும், தாயாரின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும் பிறந்த நாடும். அதன் அடியில் தகவல் தந்தவரின் பெயரும் முகவரியும். வலப்பக்கம் சாவைப் பற்றியது: மருத்துவர் எந்த நாளிலிருந்து பார்த்துவந்தார், கடைசியாக உயிரோடு கண்டது எப்போது, இறப்புக்குக் காரணம் என்ன, அந்த நோய் எத்தனை நாள் நீடித்தது, துணைக் காரணம் உண்டா. கடைசி வரிகளில் அடக்கம் நடந்த கல்லறைத் தோட்டம், தேதி, ஈமச்சடங்கு நடத்தியவரின் பெயர்.

இரண்டு பாதிகளையும் ஒரே அளவுக்கு நம்ப முடியாது. இறந்த நாள், இடம், காரணம் ஆகியவற்றை எழுதியவர் நேரில் அறிந்தவர். அவை முதல்நிலைச் சான்று. பிறந்த ஆண்டும் பெற்றோர் பெயரும் தகவல் தந்தவர் காதால் கேட்டு வைத்திருந்தவை. மருமகன் மாமியாரின் தாயைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. அடுத்த வீட்டுக்காரர் சொன்னதென்றால் இன்னும் மோசம். ஆகவே அனுபவமுள்ள ஆய்வாளர் பெற்றோர் பெயரைப் படிக்கும் முன் தகவல் தந்தவர் யார் என்பதைப் படிக்கிறார்.

இன்றைய படிவத்தில் காரணப் பகுதி ஒரு சங்கிலியாக அமைந்திருக்கிறது. முதல் வரியில் உயிரைப் பறித்த உடனடிக் காரணம். அதன் கீழே அதற்கு இட்டுச் சென்றது. கடைசி வரியில் எல்லாவற்றுக்கும் மூலமான நோய் அல்லது காயம். உடன் இருந்த பிற நோய்கள் தனிப் பகுதியில் வரும். இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை, விசாரணையில் உள்ளது, தீர்மானிக்க இயலாதது என இறப்பின் வகையும் குறிக்கப்படும். பெயரிலோ தேதியிலோ பிழை இருந்தால் குடும்பத்தார் ஆவணம் காட்டித் திருத்தம் கோரலாம். மருத்துவக் காரணத்தை மாற்றக்கூடியவர் சான்றளித்த மருத்துவரோ மரண விசாரணை அதிகாரியோதான்.

அந்தக் காரண வரி ஒரு நகரத்தையே கேள்வி கேட்கவும் கூடும். 1995 ஜூலையில் சிகாகோவைக் கடும் வெப்பம் தாக்கியபோது, கவுண்டியின் மருத்துவ விசாரணை அதிகாரி எட்மண்ட் டோனஹியூ நூற்றுக்கணக்கான இறப்புகளை வெப்பத்தால் நேர்ந்தவை என்று பதிவு செய்தார். மேயர் ரிச்சர்டு எம். டேலி அந்தக் கணக்கைப் பொதுவெளியில் ஐயுற்றார். பின்னர் நடந்த ஆய்வுகள் டோனஹியூவின் பக்கமே நின்றன. அந்த வாரத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தோர் 739 பேர் என்று மதிப்பிடப்பட்டது. அவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். சான்றிதழில் அந்த ஒரு சொல் எழுதப்படாமல் போயிருந்தால், அவர்கள் முதுமையால் இறந்தவர்களாகவே கணக்கில் கரைந்திருப்பார்கள்.

ஆற்றங்கரையும் நூலகமும்

கவுண்டி கட்டடத்திலிருந்து கிளார்க் தெருவில் வடக்கே சில நிமிடம் நடந்தால் சிகாகோ ஆறு. 1915 ஜூலை 24 காலையில், கிளார்க் தெருவுக்கும் லசால் தெருவுக்கும் இடைப்பட்ட கரையில் கட்டியிருந்த ஈஸ்ட்லேண்ட் என்ற கப்பல் அப்படியே பக்கவாட்டில் கவிழ்ந்தது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆலைத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் புறப்பட்டிருந்தார்கள். 844 பேர் இறந்தார்கள். 22 குடும்பங்கள் ஒருவர் மிச்சமின்றி அழிந்தன. உடல்களுக்கு எண் இட்டு ஒரு படைப்பிரிவுக் கட்டடத்தில் வரிசையாகக் கிடத்தினார்கள். 396 என்ற எண்ணுடன் கிடந்த சிறுவனை நாட்கணக்கில் எவரும் உரிமை கோரவில்லை. தாய், தந்தை, அக்காள் மூவரும் அதே கப்பலில் மாண்டிருந்ததுதான் காரணம். கடைசியில் அவனுடைய பாட்டி அவன் உடுத்தியிருந்த காற்சட்டையின் இணையைக் கொண்டுவந்து காட்டிய பிறகே அந்த எண் ஒரு பெயரானது. இறப்புப் பதிவு என்பது அடிப்படையில் இந்த வேலைதான்: எண்ணைப் பெயராக்குவது.

சான்றிதழ் ஒருவர் இறந்ததைச் சொல்கிறது. அவர் வாழ்ந்ததைச் சொல்வது பத்திரிகை. அமெரிக்க நாளிதழ்களில் இது இரு வகை. குடும்பத்தார் கட்டணம் செலுத்தி வெளியிடும் சிறு அறிவிப்பு ஒன்று. நம் நாளிதழ்களின் ‘காலமானார்’ பகுதிக்கு இது இணை. இறந்த நாள், வாழ்க்கைத் துணை, மக்கள், பேரக்குழந்தைகள், அடக்கம் நடக்கும் இடம் ஆகியவை அதில் இருக்கும். செய்தியாளர் எழுதும் இரங்கல் கட்டுரை மற்றொன்று. ஊரறிந்தவர்களுக்கே அது பெரும்பாலும் கிடைத்தது. திருமணமாகிப் போன மகளின் புதுக் குடும்பப் பெயர், பிறந்த நாட்டில் தங்கிவிட்ட தம்பி, உறுப்பினராயிருந்த சங்கம் என, சான்றிதழில் இடமே இல்லாத உறவுகள் அந்தச் சிறு அறிவிப்பில் கிடைக்கின்றன.

அதைத் தேட முதலில் சான்றிதழிலுள்ள தேதி வேண்டும். ஸ்டேட் தெருவில் 1991-இல் திறக்கப்பட்ட ஹேரால்டு வாஷிங்டன் நூலகத்தில் பழைய நாளிதழ்கள் மைக்ரோஃபிலிம் சுருள்களாக இருக்கின்றன. இறந்த நாளிலிருந்து ஒரு வாரத்து இதழ்களைப் பக்கம் பக்கமாக ஓட்டிப் பார்ப்பதே வழக்கம். 1847-இல் தொடங்கிய சிகாகோ டிரிபியூனில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினால் பாதி நகரம் விட்டுப்போகும். போலந்துக் குடும்பங்கள் ‘ஜென்னிக் சிகாகோஸ்கி’ நாளிதழில் அறிவித்தன. அதன் இறப்பு அறிவிப்புகளுக்கு அமெரிக்கப் போலந்து வம்சாவளிச் சங்கம் அட்டவணை தொகுத்திருக்கிறது. ஜெர்மானியருக்கு ‘ஆபெண்ட்போஸ்ட்’, செக் மக்களுக்கு ‘ஸ்வோர்னோஸ்ட்’. கறுப்பின மக்களின் இறப்புக்குப் பெரிய நாளிதழ்கள் நெடுங்காலம் இடம் தரவில்லை. ராபர்ட் ஆபட் 1905-இல் தொடங்கிய ‘சிகாகோ டிஃபெண்டர்’ தந்தது. தென்புறத்திலுள்ள கார்ட்டர் உட்சன் நூலகத்தின் விவியன் ஹார்ஷ் தொகுப்பு அவர்களுடைய வரலாற்றுக்கான பெரிய களஞ்சியம்.

ஆற்றைத் தாண்டி வடக்கே சென்றால், வால்டன் தெருவில் நியூபெரி நூலகம். 1887-இல் நிறுவப்பட்ட இந்தத் தனியார் ஆய்வு நூலகம் எவருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. வம்சாவளி ஆய்வுக்கு நாட்டின் முக்கியமான தொகுப்புகளில் ஒன்று இங்கே உள்ளது. பழைய நகர முகவரிப் புத்தகங்களைப் புரட்டி, ஒரு பெயர் எந்த ஆண்டுடன் பட்டியலிலிருந்து மறைகிறது, மனைவி எந்த ஆண்டில் ‘கைம்பெண்’ என்று வருகிறார் என்று பார்த்தால், இறந்த ஆண்டே தெரியாத நிலையிலும் தேடலைச் சுருக்கிக்கொள்ளலாம்.

கல்லறைத் தோட்டங்கள்

22-ஆம் எண் பேருந்து இன்னும் வடக்கே லிங்கன் பூங்காவின் ஓரமாகப் போகிறது. பூங்காவின் தென்பகுதி ஒரு காலத்தில் நகரத்தின் பொது இடுகாடு. உடல்கள் அகற்றப்பட்டபோது கௌச் குடும்பத்தின் கல்லறை மண்டபம் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. அதற்கும் அப்பால், கிளார்க் தெருவும் இர்விங் பார்க் சாலையும் சந்திக்கும் முனையில் 1860-இல் தொடங்கிய கிரேஸ்லேண்ட் கல்லறைத் தோட்டம். கட்டடக் கலைஞர்கள் லூயி சல்லிவனும் மீஸ் வான் டெர் ரோவும், குத்துச்சண்டை வீரர் ஜேக் ஜான்சனும் இங்கே அடங்கியிருக்கிறார்கள். இத்தகைய தோட்டங்களின் அலுவலகங்களில் ஒவ்வொரு மனையையும் வாங்கியவர் யார், அதில் யார் யார் அடக்கமானார்கள் என்ற ஏடு இருக்கும். கல்லில் பெயர் பொறிக்க வசதியில்லாமல் போன குழந்தைகள்கூட அந்த ஏட்டில் இருப்பார்கள்.

அதே முனையிலிருந்து இர்விங் பார்க் சாலையில் மேற்கே செல்லும் 80-ஆம் எண் பேருந்து, ஏறக்குறைய நகர எல்லையில் டன்னிங் என்ற பகுதியைத் தொடுகிறது. கவுண்டியின் ஏழையர் விடுதியும் மனநோய் மருத்துவமனையும் இங்கே இருந்தன. அவற்றில் இறந்தவர்களும், நகரில் உரிமை கோர ஆளில்லாமல் கிடந்தவர்களும், 1871 தீயில் மாண்டவர்களில் சிலரும் இங்கேயே புதைக்கப்பட்டார்கள். 1989-இல் வீடு கட்டத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்ட பிறகுதான் இந்த இடுகாடு மீண்டும் ஊரார் கவனத்துக்கு வந்தது. இங்கே அடக்கமானவர்கள் சுமார் 38,000 பேர் என மதிப்பிடப்படுகிறது. இன்று ரீட்–டன்னிங் நினைவுப் பூங்கா என்ற சிறு புல்வெளி அங்கே இருக்கிறது. இவர்களுக்காக எவரும் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்கவில்லை, கல் நடவில்லை. கவுண்டி எழுத்தரின் பதிவில் வரும் ஒரு வரிதான் இவர்களில் பலருக்கு எஞ்சிய ஒரே சான்று. செல்வந்தருக்கும் அனாதைக்கும் ஒரே படிவத்தை நிரப்பச் சொல்லும் சட்டத்தின் மதிப்பு முழுமையாக விளங்கும் இடம் டன்னிங்.

நகரின் வடமேற்கே அருகருகே இரண்டு இடங்கள். 1877-இல் தொடங்கிய பொஹிமியன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் ஈஸ்ட்லேண்டில் மாண்ட செக் குடும்பங்கள் பல உறங்குகின்றன. அதற்குக் கிழக்கே சிறிது தூரத்தில் வடகிழக்கு இல்லினாய் பல்கலைக்கழகம். மாநில ஆவணக் காப்பகம் கவுண்டிகளின் பழைய ஏடுகளை அந்தந்த வட்டாரப் பல்கலைக்கழகங்களில் வைத்துப் பாதுகாக்கிறது. குக் கவுண்டிக்கு இந்தப் பல்கலைக்கழகம். 1872 முதல் 1911 வரையிலான மரண விசாரணைப் பதிவுகள் இங்கே உள்ளன. 600 பேருக்கு மேல் பலிகொண்ட 1903 இரோக்வா நாடக அரங்கத் தீயும் இந்தக் காலத்துக்குள் அடங்கும். விபத்து, கொலை, தற்கொலை, திடீர் மரணம் என்று சான்றிதழில் இருந்தால், என்ன நடந்தது என்பதை அறிய இந்த ஏடுகளையே நாட வேண்டும். 1976-இல் தேர்தல் பதவியான விசாரணை அதிகாரிக்குப் பதிலாக, நோய்க்கூறியல் பயின்ற மருத்துவ விசாரணை அதிகாரியைக் கவுண்டி நியமித்தது. 1911-க்குப் பிந்தைய பதிவுகளை மருத்துவ விசாரணை அதிகாரியின் அலுவலகத்திடமே கேட்க வேண்டும்.

தலைநகரில்

சிகாகோ யூனியன் நிலையத்திலிருந்து புறப்படும் ‘லிங்கன் சர்வீஸ்’ ரயில் ஜோலியட், புளூமிங்டன்–நார்மல் வழியாக, மக்காச்சோளமும் சோயாவும் விளையும் சமவெளியைக் கடந்து, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடி மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டை அடைகிறது. மாநிலத்தின் முதல் ஆவணக் காப்பாளரான மார்கரெட் கிராஸ் நார்ட்டனின் பெயரைத் தாங்கிய கட்டடத்தில் இல்லினாய் ஆவணக் காப்பகம் இயங்குகிறது. 1916 முதல் 1950 வரை மாநிலத்தில் நிகழ்ந்த இறப்புகளின் அட்டவணையை இது எவரும் இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கிறது. பெயர், தேதி, கவுண்டி, சான்றிதழ் எண் ஆகியவை அதில் உண்டு. எந்தக் கவுண்டி என்றே தெரியாதவர் தேடலை இங்கிருந்து தொடங்குவது நல்லது. எண் கையில் இருந்தால் படி பெறுவது எளிது. இதே நகரின் ஆபிரகாம் லிங்கன் நூலகத்தில், மாநிலத்தின் சிற்றூர் பத்திரிகைகள் வரை மைக்ரோஃபிலிமில் கிடைக்கின்றன.

எங்கும் பெயர் அகப்படவில்லை என்றால், பதிவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. போலந்து, செக் பெயர்களை ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். எழுத்து மாற்றி மாற்றித் தேட வேண்டும். தேவாலய அடக்க ஏடுகள், ஈமச்சடங்கு நிலையங்களின் கணக்குப் புத்தகங்கள், உயில் வழக்குகள் ஆகியவை அடுத்த வழிகள்.

தமிழ்நாட்டில் வாரிசுச் சான்றிதழுக்கோ பட்டா மாற்றத்துக்கோ இந்த ஆவணம் தேவைப்படும் குடும்பத்துக்கு இன்னும் ஒரு படி மீதி இருக்கிறது. வெளிநாட்டு ஆவணங்களை ஏற்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005-இல் இணைந்தது. அதன்படி, கவுண்டியோ மாநிலமோ சான்றிட்டுத் தந்த படியின்மேல் இல்லினாய் மாநிலச் செயலர் அப்போஸ்டில் முத்திரை இட வேண்டும். ‘வம்சாவளி ஆய்வுக்காக’ என்று குறிக்கப்பட்ட படி இதற்கு உதவாது. ஆவணக் காப்பகத்தை நிர்வகிப்பவரும் இதே மாநிலச் செயலர்தான். ஆகவே பழைய பதிவைத் தேடுபவரும் புதிய சான்றிதழுக்கு முத்திரை பெற வருபவரும் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரே அதிகாரியின் துறையில்தான் தங்கள் வேலையை முடிக்கிறார்கள்.